இரண்டு சர்க்கரையும் ஒரு பாட்டிலும்

"பாட்டிலில் அளவு கூடியிருக்கிறது. நிறமும் வெளுத்திருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் நடந்தது. யார்?"

1987 மாசி மாதம், கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் நாட்குறிப்பில் பென்சிலால் எழுதிய வரிகள் இவை. பேனாவை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. அதையும் அதே பக்கத்தில் குறித்திருக்கிறேன். மழை பெய்த நாள், தோட்டத்தில் பிறப்பு இறப்பு, துரை மாறிய மாதம் எல்லாவற்றையும் பல ஆண்டுகளாக எழுதி வருகிறவன் நான். நோய் வந்தபோது அதையும் எழுதினேன். இப்போது உடம்பு தேறி ஓராண்டாகிவிட்டது. வயிற்றுக் கோளாறு என்று யாருக்காவது சீட்டு எழுதிக் கொடுத்தால், "அந்தச் சர்க்கரைத் தண்ணி டெஸ்ட்டுன்னா என்னா கிராணி, வலிக்குமா?" என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

என் வேலையைச் சொல்லாவிட்டால் இதில் பாதி விளங்காது. சிரம்பானுக்குப் பக்கத்தில் மந்தினுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர் தோட்டம் (எங்கள் பேச்சில் தீம்பார்) ஒன்றில் நான் பால் நிறுக்கிற கிராணி, அதாவது கணக்கர். மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டு முடிந்ததும் பால் வாளிகள் ஸ்டோருக்கு வரும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவி உண்டு. பாலில் விட்டால், அது எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்து ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். மழைத் தண்ணீர் என்பார்கள், கோப்பையில் விழுந்த பனி என்பார்கள். நான் நம்பியதில்லை. சந்தேகப்படுவதற்கென்றே எனக்குச் சம்பளம்.

என் மனைவி அஞ்சலையும் மரம் வெட்டுகிறவள்தான். அவள் வாளியிலும் மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்துத்தான் எழுதுவேன். "கட்டினவள நம்பாத மனுசன் இந்த தீம்பார்லயே இவர் ஒருத்தர்தான்" என்று வரிசையில் நின்றுகொண்டே சத்தமாகச் சொல்வாள். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

நோய் 1986 தீபாவளி முடிந்த வாரத்தில் ஆரம்பித்தது. வயிறு உப்பியது. சாப்பிட்டது நிற்காமல் போனது. முதலில் பலகாரத்தின் மேல் பழி போட்டேன். தீபாவளிப் பலகாரம் தைப்பொங்கல் வரை வேலை செய்யாது என்று பிறகு தோன்றியது. கடைத் தேநீரைச் சந்தேகித்தேன், நிறுத்தினேன். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்தேன், காய்ச்சிக் குடித்தேன். புதிதாக வாங்கிய அரிசி மூட்டையையும் விடவில்லை, அதைக் கோழிக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கினோம். ஒவ்வொன்றாக நிறுத்தி, என்ன ஆனது என்று குறித்தேன். எதுவும் மாறவில்லை. ஸ்டோர் தராசில் நானே ஏறி நின்று பார்த்தேன். மாதத்துக்கு மாதம் முள் இறங்கியது.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி தனியாகக் கூப்பிட்டு, "கிராணி, ஒங்க மேல காண்டு உள்ளவங்க எத்தன பேரு? பால்ல தண்ணின்னு எத்தன பேரு பேர வெட்டியிருக்கீங்க? யாரோ செஞ்சிருக்கானுங்க" என்றார். செய்வினையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று சாயங்காலம், யார் யாருக்கெல்லாம் அரைப்பேர் போட்டேன் என்று மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அரைப்பேர் என்றால் பால் குறைந்தவர்களுக்குப் பாதி நாள் சம்பளம் மட்டும் எழுதுவது. தோட்டத்தில் அதைவிடப் பெரிய பகை கிடையாது.

பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் முதல் கேள்வியாக ஒன்றையே கேட்டார்கள்: "சம்சு குடிப்பியா?" இல்லை என்றேன். சீட்டில் ஏதோ எழுதினார்கள். அடுத்தவர் வந்தார். "கள்ளு?" இல்லை. அவரும் எழுதினார். தோட்டத்துத் தமிழன் ஒருவன் குடிக்காமல் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள முடியும் என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. கடைசியில் ஒருவர் அஞ்சலையைத் தனியாக அழைத்து விசாரித்தார். வெளியே வந்து அவள் சொன்னாள்: "குடிச்சாலாவது நாலு வார்த்த சிரிச்சுப் பேசுவாரு டாக்டர்னு சொல்லிட்டேன்."

பேரியம் என்ற வெள்ளை மாவைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மாவு குடலில் இறங்கும்போது படத்தில் வெள்ளையாகத் தெரியும். சிறுகுடலில் ஓர் இடம் சுருங்கின மாதிரி இருக்கிறது என்றார்கள். "மாதிரி" என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். காசநோயாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் அறுவை டாக்டர்.

அஞ்சலை வேண்டாம் என்றாள். அவளுடைய அண்ணனையும் இப்படித்தான் திறந்து பார்ப்பதற்கென்று கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அது வேறு ஆஸ்பத்திரி, வேறு நோய், வேறு காலம் என்று நான் விளக்கினேன். "வயிறு ஒண்ணுதானே?" என்றாள்.

இளம் டாக்டர் ஒருவர்தான் வழி சொன்னார். கோலாலம்பூரில் ஒரு பெண் டாக்டர் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்திருக்கிறார், குடலின் உட்சுவர் கெட்டிருக்கிறதா என்று கத்தி இல்லாமலே கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றைச் செய்கிறார், முதலில் அங்கே போங்கள் என்றார். உட்சுவர் கெட்டிருந்தால் மாத்திரையில் சரிசெய்யப் பார்க்கலாம். அது நன்றாகவே இருந்தால் சுருக்கத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும், அப்போது அறுவைதான். எல்லாம் அந்த ஒரு சோதனையில் வந்து நின்றது.

கோலாலம்பூர் வார்டில் எனக்கு ஜன்னலோரப் படுக்கை. பக்கத்துப் படுக்கையில் மம்பாவைச் சேர்ந்த கோவிந்தன். லாரி ஓட்டுகிறவர், என்னைவிட வயதில் சின்னவர். அவருக்கும் மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு. ஆனால் நோயாளி மாதிரி இருக்க அவருக்குத் தெரியவில்லை. வந்த அன்றே, "அண்ணே, இங்க சோறு எப்படி இருக்கும்னு கேக்காதீங்க. ரோட்டுல மழ பெஞ்ச மாதிரி இருக்கும்" என்று வரவேற்றார். அஞ்சலையை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவளும் எனக்குக் கொண்டுவரும் ரசத்தில் அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள். நான் மிகவும் பலவீனமாக இருந்ததால் பகலில் அவள் என்னோடு இருக்க அனுமதித்திருந்தார்கள். செந்தூலில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலையில் பஸ் பிடித்து வருவாள்.

பெண் டாக்டர் சீனர். மெல்லிய உருவம், கண்ணாடி. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, வார்டு நர்ஸ் சரோஜா மிஸ்ஸி தமிழில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம் என்றுதான். மிஸ்ஸி எதையும் விடவில்லை.

விஷயம் இதுதான். குடலின் உட்சுவர் ஒரு வேலி மாதிரி. சாப்பாட்டில் வேண்டியதை உடம்புக்குள் விடும், வேண்டாததை வெளியிலேயே நிறுத்தும். அந்தச் சுவரில் உள்ள உயிரணுக்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டியிருக்கும். நோயினாலோ சில மருந்துகளாலோ அந்த ஒட்டு தளர்ந்தால், உள்ளே போகக் கூடாதவை கசிந்து போகும். அது கசிகிறதா என்று பார்க்க இரண்டு வகைச் சர்க்கரை கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ஒன்று சின்னது, மானிட்டால். அது எல்லார் குடலிலும் ஓரளவு நுழைந்துவிடும். மற்றது பெரியது, லாக்டுலோஸ். நல்ல குடலில் அதற்கு அநேகமாக வழியில்லை. இரண்டையும் உடம்பு எரித்துச் செலவழிப்பதில்லை. ரத்தத்துக்குள் போனது அப்படியே சிறுநீரில் வந்துவிடும். சிறுநீரைச் சேர்த்து வைத்து, சின்னது எவ்வளவு, பெரியது எவ்வளவு என்று ஒப்பிட்டால் சுவரின் நிலை தெரியும்.

ஸ்டோரில் பாலைச் சல்லடையில் வடிப்போம். பால் இறங்கும், பட்டைத்தூள் மேலே நிற்கும். தொட்டியில் பட்டைத்தூள் மிதந்தால், சல்லடையைக் கழற்றிப் பார்க்காமலே அது கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதை மிஸ்ஸியிடம் சொன்னேன். அவர் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் தலையாட்டிவிட்டு ஒரு எச்சரிக்கை சேர்த்தார்: கிழிந்திருக்கிறது என்றுதான் இந்தச் சோதனை சொல்லும், எதனால் கிழிந்தது என்று சொல்லாது.

பிறகு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அங்கேதான் என் மனம் பின்வாங்கியது. புதுச் சோதனை, புது டாக்டர், வார்டில் அந்த வாரம் அந்தத் தாள் வந்தது எனக்கும் கோவிந்தனுக்கும் மட்டும். "இது எனக்காகச் செய்வதா, உங்கள் ஆராய்ச்சிக்காகவா?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டேன். சரோஜா மிஸ்ஸி என்னை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர், "ரெண்டுக்கும்" என்றார். உண்மையான பதில் என்று பட்டது. ஆனால் உண்மை சொல்கிறவர்கள் எதற்காகச் சொல்கிறார்கள் என்று யோசிப்பதும் என் பழக்கம். கோவிந்தன் தன் தாளில் எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டு, "போட்டுத் தள்ளுங்கண்ணே, சர்க்கரத் தண்ணிதானே லா, விஷமா?" என்றார்.

சோதனை அன்று காலை இருவரும் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீரைக் குடித்தோம். கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு கலந்ததுபோல ஒரு தித்திப்பு. பிறகு ஆளுக்கொரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். மத்தியானம் வரை போகும் சிறுநீர் முழுவதும் அதில்தான். சரோஜா மிஸ்ஸி கண்டிப்பாகச் சொன்னார்: "ஒரு சொட்டு கொறையக் கூடாது. போன வாரம் ஒருத்தர் முழுசையும் பாத்ரூம்ல ஊத்திட்டு வந்தாரு, டெஸ்ட்டே வீணாப் போச்சு. கொறஞ்சா மறுபடியும் முதல்லேர்ந்து."

கோவிந்தனின் பாட்டில் நன்றாக ஏறியது. எனக்கு வரவில்லை. மாதக்கணக்கில் வற்றிப்போன உடம்பு, ராத்திரி முழுதும் பட்டினி. பாட்டிலின் அடியில் கொஞ்சம், மாட்டுக் கோமியம் போல் அடர்ந்த மஞ்சளில் கிடந்தது. அஞ்சலை குனிந்து குனிந்து பார்த்தாள். "இவ்வளவுதானா? தண்ணி குடிங்களேன்." சொன்ன அளவுதான் குடிக்கலாம் என்றேன். "அவருது பாருங்க, எப்படி நெறஞ்சிருக்கு."

கோவிந்தன் படுத்தபடியே சிரித்தார். "வேணும்னா நம்ம கணக்குலேர்ந்து கொஞ்சம் ஊத்திக்குங்கக்கா. தாப்பா, பரவால்ல, நான் கேஸ் போட மாட்டேன்."

"சீ, போ தம்பி" என்று அவளும் சிரித்தாள்.

பிறகு என்னை ரத்தம் எடுக்கக் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் பழக்கத்தில் குனிந்து பாட்டிலைப் பார்த்தேன். பாட்டிலின் பக்கத்தில் வார்ப்பிலேயே கோடுகள் உண்டு. போகும்போது முதல் கோட்டுக்குக் கீழே இருந்தது, இப்போது இரண்டாவதைத் தொட்டிருந்தது. நிறம் வெளுத்திருந்தது. வாழ்நாள் முழுக்க வாளியைப் பார்த்தவனுக்கு இது தப்பாது. கோவிந்தன் கழிவறைக்குப் போயிருந்தார். அஞ்சலை என் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டில யாராவது தொட்டாங்களா?"

"யாரு தொடுவா இந்தக் கண்றாவிய?"

நான் அவளைச் சந்தேகிக்கவில்லை. வார்டைத்தான் சந்தேகித்தேன். யாரோ பாட்டிலை மாற்றிவிட்டார்கள், அல்லது வேண்டுமென்றே எதையோ கலந்து என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் சொன்ன வரிகளை அப்போதுதான் எழுதினேன். பிறகு சரோஜா மிஸ்ஸி வந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்துப்போனார். என் பாட்டிலில்தான் என் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டேன். "கிராணி, ஒங்க பேர நானே எழுதி நானே ஒட்டினேன். என்னயும் செக் பண்ணுவீங்களா?" என்றார். பண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

முடிவு வர நாளாயிற்று. அதற்குள் கோவிந்தன் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். லாரி நின்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று முதல் நாள் புலம்பிக்கொண்டிருந்தார். காலையில் படுக்கை காலி. ரசக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

டாக்டர் என் படுக்கைக்கு வந்து உட்கார்ந்தே பேசினார். பெரிய சர்க்கரை வர வேண்டியதைவிட அதிகம் வந்திருக்கிறது. குடல் கசிகிறது. கெட்ட செய்தியை இவ்வளவு நல்ல செய்தியாக நான் கேட்டதில்லை. கசிந்தால் கத்தி இல்லை. அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். இங்கே கொடுப்பதைத் தவிர எதுவும் இல்லை என்றேன். "வலிக்கு எதுவும்? முட்டி, முதுகு?" முட்டி வலி உண்டு, ஆனால் அதற்கு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.

அஞ்சலை பைக்குள் கையை விட்டாள். "அந்தக் கறுப்பு உருண்டைய கேக்கறாங்களோ? மிஸ்ஸி, இது மருந்து இல்ல, வேரு."

மந்தின் பாசாரில் ஒருவர் விற்கும் உருண்டை அது. வேர்களை இடித்துச் செய்தது என்பார். இரண்டு வருடமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முட்டி வலி பறந்துவிடும். தேநீர், தண்ணீர், அரிசி என்று எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்த எனக்கு, இதை நிறுத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் யாரும் வேரை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டர் ஓர் உருண்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். வேர் இவ்வளவு சீக்கிரம் வலியை எடுக்காது, இந்த மாதிரி உருண்டைகளில் கடுமையான வலி மாத்திரையைப் பொடித்துக் கலப்பது உண்டு, அது குடல் சுவரைக் கெடுக்கும் என்றார். சிலதைச் சோதனைக்கு அனுப்ப எடுத்துக்கொண்டார். அதன் முடிவு எனக்குச் சொல்லப்படவில்லை. உருண்டையை நிறுத்தி, வேறு மாத்திரை கொடுத்து, அறுவையைத் தள்ளிவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தேறினேன். பங்குனி உத்திரத்தின்போது ஒரு கை சோறு நின்றது. சித்திரையில் தராசு முள் மேலே ஏறத் தொடங்கியது. முட்டி வலி திரும்பி வந்துவிட்டது. அதை நான் வரவேற்றேன் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பாட்டில் மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சலை முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆஸ்பத்திரியில பாட்டிலத் தொட்டது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல" என்றேன், எனக்கே சொல்வதுபோல.

முறம் நின்றது. "இன்னுமா அத வச்சிருக்கீங்க?"

"எழுதியிருக்கு."

"நான்தான் ஊத்தினேன்."

நாட்குறிப்பை மூடி வைத்தேன்.

"கொறஞ்சா முதல்லேர்ந்துன்னு அந்த மிஸ்ஸி சொல்லல? வாளி கொறஞ்சா அரைப்பேர்தானே. நீங்க கெடந்த கெடையில இன்னொரு தடவ பட்டினி போட்டா தாங்குவீங்களா? அப்புறம் டெஸ்ட் வேணாம், வெட்டிடலாம்னு சொல்லிட்டா?"

"என்னா ஊத்துன?"

"தண்ணி."

இந்தப் பதில் வருவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. பருப்பில் கல் பொறுக்கினாள். ஸ்டோரில் அந்த இடைவெளியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"தண்ணிதானா? கோவிந்தன் பாட்டில்லேர்ந்து இல்லியே?"

"தண்ணிதான்னு சொல்றேன்ல. மெட்ரோலாக் கொண்டாந்து என் வாயில விட்டுப் பாருங்க."

இரண்டும் ஒன்றில்லை என்பதை யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. வெறும் தண்ணீர் என்றால் கவலை இல்லை. பாலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அதில் உள்ள ரப்பர் கூடாது, குறையாது. ஆனால் கோவிந்தனும் அன்று அதே சர்க்கரையைக் குடித்திருந்தார். அவர் பாட்டிலிலிருந்து ஊற்றியிருந்தால், அது வேறொருவர் வாளியிலிருந்து பாலை ஊற்றியதாகும். என் குடல் நன்றாக இருந்து அவருடையது கசிந்திருந்தாலும், என் பெயரில் கசிவு என்றுதான் வந்திருக்கும். அப்படியானால் அந்தச் சுருக்கம்?

டாக்டரிடம் சொல்லப்போகிறேன் என்றதும் அஞ்சலை வாசலில் வந்து நின்றுகொண்டாள். "நல்லா இருக்கற மனுசன் போயி, என்னத் திரும்ப வெட்டறதுக்குப் பாருங்கன்னு கேப்பாங்களா? அவங்க வேணாம்னுட்டாங்க. நீங்க எதுக்கு ஞாபகப்படுத்தறீங்க?"

"தப்பான கணக்குல கையெழுத்துப் போட்டுட்டு என்னால தூங்க முடியாது."

"என் அண்ணனுக்கும் கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். ஆனால் வழியை விட்டாள். மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தும் கொண்டாள்.

தண்ணீர் ஊற்றிய கதையைக் கேட்டு டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு சர்க்கரை கொடுப்பதே இதற்காகத்தான் என்றார். தண்ணீர் சேர்ந்தாலும், கொஞ்சம் சிந்திப் போனாலும், ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது. நான் மற்றதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அஞ்சலையைப் பார்த்தார். "தண்ணிதான் டாக்டர்" என்றாள் அவள், கேட்பதற்கு முன்பே.

மறுபடி எக்ஸ்ரே, மறுபடி சோதனை. இந்த முறை பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். அஞ்சலை எதிர்ச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கையக் கட்டிக்கிட்டு இருக்கேன், நல்லாப் பாத்துக்குங்க" என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னாள்.

எக்ஸ்ரேயில் சுருக்கம் தெரியவில்லை. அப்போது வலியில் குடல் இறுகியிருந்திருக்கலாம் என்றார்கள். அறுவை தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அஞ்சலை அந்தக் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் முழுதும் பார்த்துவிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாவது சோதனையில் கசிவும் இல்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: அப்படியானால் முதல் முடிவு யாருடையது? டாக்டர் நேராகவே சொன்னார். உருண்டையை நிறுத்திக் குடல் ஆறியிருந்தாலும் இப்போது இப்படித்தான் வரும். முதலிலிருந்தே கசியாமல் இருந்திருந்தாலும் இப்படித்தான் வரும். இந்தச் சோதனையால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. கோவிந்தனின் முடிவைக் கேட்டேன். மற்றவர் முடிவைச் சொல்ல முடியாது என்றார். அது சரிதான். ஆனால் அவர் முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வேலை முடிந்தது என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அஞ்சலையே கேட்டாள்: "அந்தத் தம்பி எப்படி இருக்காரோ?"

மம்பாவில் விசாரித்து விசாரித்துப் போனோம். வேறு வீட்டுக்கு மாறியிருந்தார். லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் குழாயை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "அண்ணே! என்னா லா இப்படிப் பெருத்துட்டீங்க!" அவர் பெருக்கவில்லை. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள். கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

அன்று நடந்ததைக் கேட்டேன். "ஊத்திக்குங்கன்னு நான் சொன்னது உண்மைதாண்ணே. அக்கா எடுத்தாங்களான்னு பாக்கல, நான்தான் கக்கூசுக்கு ஓடிட்டேனே." ரிசல்ட்? "அதுக்கு யாரு போறது? ஒரு நாள் லாரி நின்னா முதலாளி மூஞ்சி மாறுது. நல்லாத்தான் இருக்கேன். அப்பப்ப வயிறு மட்டும்தான்."

நான் விளக்க ஆரம்பித்தேன். சின்னச் சர்க்கரை, பெரிய சர்க்கரை. அஞ்சலை என்னைப் பேச விடவில்லை. முன்னால் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீ போ. போயி ரிசல்ட்டக் கேளு. வர்ற திங்கக்கெழம போ. நானும் வர்றேன், மரம் வெட்டற நெரைக்கு லீவு போட்டுட்டு வர்றேன். ஒன்னோடது கெட்டிருக்கலாம். சொல்றத கேளு."

"என்னாக்கா இப்படி பயமுறுத்தறீங்க?"

"போறேன்னு சொல்லு."

"சரி லா, போறேன்."

"பிள்ள மேல சத்தியமா சொல்லு."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கையையும் உடனே விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் அவளைக் கேட்கவில்லை. ஊற்றியது தண்ணீராக இருந்தால், என் கசிவு என்னுடையது. கோவிந்தனைப் பற்றி அவளுக்குத் தனியாக எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவர் பாட்டிலிலிருந்து ஊற்றியிருந்தால், அந்தக் கசிவு அவருடையதாக இருக்கலாம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மெலிந்த ஒருவரைப் பார்த்துப் பதறுவது அவளுடைய சுபாவம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். அந்த இரண்டில் எது என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சிரம்பான் தாண்டியதும் அவளாகவே, வெளியே பார்த்தபடி, "தண்ணிதான்" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் போனாள். கோவிந்தனும் வந்தார். அவரை அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள், இப்போது தேறி லாரி ஓட்டுகிறார். அவருடைய முதல் முடிவு என்ன என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் அஞ்சலையிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் இருவருமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 1987 மாசி மாதப் பாட்டிலில் கலந்தது தண்ணீர் என்று இங்கே பதிவு செய்கிறேன். இது அஞ்சலை சொன்னது. சரிபார்க்கப்படவில்லை.